நாலு நட்சத்திரம் போதாது: தமிழ் வாசகர் கையில் ஸ்டோரிகிராஃப் செயலி

பூமணியின் 'வெக்கை', அசோகமித்திரனின் 'தண்ணீர்' இரண்டுமே கைக்கு அடக்கமான நாவல்கள். ஒவ்வொன்றையும் ஒரே விடுமுறை நாளில் படித்து முடித்துவிடலாம். இரண்டுக்கும் நாலு நட்சத்திரமோ ஐந்தோ கொடுக்கும் வாசகர்கள் ஏராளம். ஆனால் ஒன்றில் 15 வயதுப் பையன் கொலை செய்துவிட்டு அப்பாவோடு காடுகரை எங்கும் ஒளிந்து திரிகிறான். மற்றதில் குழாயில் தண்ணீர் வராத சென்னைத் தெருவொன்றில் ஜமுனா தன் வாழ்க்கையை எந்தப் பக்கமாகத் தூக்கி நிறுத்துவது என்று தெரியாமல் தவிக்கிறாள். முன்னது வெயிலில் மூச்சிரைக்க ஓடுகிறது. பின்னது நிறைகுடம் சுமப்பவரின் நடையில் தளும்பாமல் நகர்கிறது. வேலை முடிந்து களைத்து வந்து, இரவு 10 மணிக்குமேல் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் படிப்பவருக்கு இவற்றில் எது இன்று பிடிக்கும், எது நாலாம் பக்கத்திலேயே மூடிவைக்கப்படும் என்பதை நட்சத்திரங்கள் சொல்வதில்லை. தமிழில் நல்ல நாவல்கள் எவை என்பதில் பெரிய குழப்பம் ஒன்றும் கிடையாது. விமர்சகர்களின் பட்டியல்கள், சாகித்திய அகாதெமி விருதுகள், பதிப்பகங்களின் செவ்வியல் வரிசைகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஜனவரியில் வாங்கிய புத்தகங்களில் பாதி, மறு ஜனவரியிலும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருப்பதற்குக் காரணம் தரக்குறைவல்ல, பொருத்தக்குறைவு. வரும் ஆண்டில் ரசித்துப் படிக்க வேண்டுமென்றால் பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் வழி வேண்டும். அந்த வேலைக்கு இன்று கிடைக்கும் செயலிகளில் ஸ்டோரிகிராஃப்தான் சரியான கேள்விகளைக் கேட்கிறது என்பதும், தமிழைப் பொறுத்தவரை அது தரும் பதில்களைவிட அந்தக் கேள்விகளே பயனுள்ளவை என்பதும் இந்த விமர்சனத்தின் முடிவு.

லண்டனில் இருக்கும் மென்பொருள் வல்லுநர் நாடியா ஒடுனாயோ 2019இல் உருவாக்கத் தொடங்கிய செயலி இது. 2021 ஜனவரியில் சோதனைக் கட்டத்தைத் தாண்டி முழு வடிவில் வந்தது. நீண்ட காலம் நிரல் எழுதுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவர் ஒருவரே. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. கணினியில் இணைய உலாவி வழியாகவும் பயன்படுத்தலாம். அடிப்படை வசதிகள் அனைத்தும் இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. இதற்கு முன்பிருந்தே வாசிப்புச் செயலிகளின் துறையை ஆண்டுகொண்டிருப்பது குட்ரீட்ஸ். 2007இல் வெளியாகி, 2013இல் அமேசான் கைக்குப் போனது அது. அங்கே ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பட்டியலை ஒரே கோப்பாக இறக்கி, ஸ்டோரிகிராஃபில் ஏற்றிக்கொள்ளலாம். புத்தகங்கள், மதிப்பெண்கள், படித்த தேதிகள் எல்லாம் கூடவே வந்துவிடும். எதுவும் இல்லாமல் புதிதாக வருபவரிடம் செயலி முதலில் சில கேள்விகள் கேட்கும்: புனைவா அபுனைவா, எந்த வகைகள் பிடிக்கும், எதைத் தொடவே மாட்டீர்கள் என்றெல்லாம். இதை அவசரமாகத் தாண்டிப் போகாமல் 10 நிமிடம் செலவிடுவது நல்லது. பிறகு தரும் பரிந்துரைகளுக்குச் செயலி இந்தப் பதில்களையும் நம்பியிருக்கிறது.

இரண்டு செயலிகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, ஒரு புத்தகத்தை 'முடித்தாயிற்று' என்று குறிக்கும் நொடியில் தெரிகிறது. குட்ரீட்ஸ் ஒன்று முதல் ஐந்து வரை முழு நட்சத்திரம் கேட்கும். அரை நட்சத்திரத்துக்கு இடமில்லை. ஸ்டோரிகிராஃபில் நட்சத்திரத்தைக் கால் காலாகக் கூட்டலாம், குறைக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அதைவிட முக்கியமானவை அந்தப் படிவத்தில் உள்ள மற்றக் கேள்விகள். புத்தகத்தின் மனநிலை என்ன என்று கேட்டு 14 சொற்களைத் தருகிறது. தமிழில் சொன்னால் சாகசம், சவால், இருள், உணர்ச்சி, நகைச்சுவை, நம்பிக்கை, தகவல், ஊக்கம், இலகு, மர்மம், சிந்தனை, இளைப்பாறல், சோகம், பதற்றம். இவற்றில் எத்தனை வேண்டுமானாலும் தொடலாம். அடுத்து வேகம்: மெதுவா, நடுத்தரமா, விரைவா. அதன்பின் கதையை நகர்த்துவது நிகழ்ச்சிகளா பாத்திரங்களா, பாத்திரங்கள் வளர்கிறார்களா, நேசிக்கத்தக்கவர்களா, அவர்களின் குறைபாடுகள்தான் நூலின் மையமா. ஆம், இல்லை என்பதோடு 'சிக்கலான விஷயம்' என்றொரு பதிலும் உண்டு. 'மோகமுள்' நாவலின் யமுனாவையும் பாபுவையும் பற்றி இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மூன்றாவது பொத்தானுக்காக நன்றி சொல்வார். எல்லாவற்றுக்கும் விடை தர ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடம், 'பிடித்தது' என்று சொல்லி நகர்ந்துவிடும் மனத்தை நிறுத்தி, எது பிடித்தது என்று கேட்கிறது.

நட்சத்திரங்களை ஏன் நம்ப முடியாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பலாஷ் கோவாச், அமாண்டா ஷார்க்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது குட்ரீட்ஸ் விமர்சனங்களைத்தான். 2007 முதல் 2011 வரை முக்கிய விருதுகளை வென்ற ஆங்கில நூல்களையும், இறுதிப் பட்டியல் வரை வந்து தோற்ற நூல்களையும், மொத்தம் 64, அவர்கள் ஒப்பிட்டார்கள். விருது அறிவிப்புக்குப் பின் வென்ற நூல்களின் வாசகர் எண்ணிக்கை ஏறியது, மதிப்பெண் இறங்கியது. நூலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது படிப்பவர் கூட்டம். அதுவரை அந்த நூலைத் தேடிப் போனவர்கள் தங்கள் ரசனைக்கு ஏற்றதென்று தெரிந்து போனவர்கள். விருதுக்குப் பின் வந்தவர்களில் பலர் அந்த வகை நூலைப் பொதுவாகத் தொடாதவர்கள். பரிசு பெற்றதாயிற்றே என்று எடுத்தவர்கள். ஏமாற்றம் அவர்களுடையது, குறைந்த நட்சத்திரம் நூலுடையது. இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. பல பாகங்கள் கொண்ட ஒரு நாவலின் ஐந்தாம் பாகத்துக்கு மதிப்பிடுபவர்கள், முதல் நான்கையும் விரும்பிப் படித்தவர்கள் மட்டுமே. முதல் பாகத்தோடு கழன்றுகொண்டவர் ஐந்தாவதற்கு ஒற்றை நட்சத்திரம் போட வரப்போவதில்லை. ஆக, மதிப்பெண் என்பது நூலுக்கும் அதைத் தேடி வந்த கூட்டத்துக்கும் இடையே நடந்த பொருத்தத்தின் சராசரி. நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவரா என்பது தெரியாதவரை அந்தச் சராசரியால் உங்களுக்குப் பலன் குறைவு.

இதில் இன்னொரு கேடும் உண்டு. நட்சத்திரம் கொடுக்கப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எலிசபெத் கில்பர்ட் தன் புதிய நாவல் வரப்போகிறது என்று 2023 ஜூனில் அறிவித்தார். கதை நடப்பது ரஷ்யாவில் என்ற ஒரே காரணத்துக்காக, உக்ரைன் போரை முன்வைத்து, நூற்றுக்கணக்கானோர் குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். நூல் அச்சேறவே இல்லை. சில நாள்களில் ஆசிரியர் வெளியீட்டையே நிறுத்திவைத்தார். போர் பற்றிய அந்த வாசகர்களின் கோபத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நூலின் வாசிப்பு அனுபவம் என்ற பெயரில் அது பதிவானது. ஸ்டோரிகிராஃபும் இந்த ஆபத்திலிருந்து முழுக்கத் தப்பியதல்ல. அங்கும் நட்சத்திரம் இருக்கிறது, அங்கும் யாரும் எதையும் குறிக்கலாம். ஆனால் ஒரு நூலை வெறுப்பவரும் விரும்புபவரும் 'மெதுவான வேகம், சிந்தனை, சோகம்' என்று ஒரே விவரத்தைக் குறிக்க வாய்ப்புண்டு. வெறுத்தவருக்கு மெதுவாக இருந்ததுதான் காரணம், விரும்பியவருக்கும் அதுவேதான் காரணம். தீர்ப்பில் மாறுபடுகிறவர்கள் வர்ணனையில் ஒத்துப்போக முடியும். இந்தச் செயலியின் பலம் முழுவதும் இந்த எளிய உண்மையின் மீது நிற்கிறது.

நடைமுறையில் இது எப்படி உதவுகிறது என்பதற்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணமே போதும். மணிரத்னத்தின் படங்கள் 2022இலும் 2023இலும் வந்தபோது 'பொன்னியின் செல்வன்' புதிதாகப் பல வாசகர்களைப் பெற்றது. ஐந்து பாகங்களையும் விழுங்கி முடித்தவர் அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டால், வழக்கமான பதில் தயாராக இருக்கும்: 'சிவகாமியின் சபதம்', 'பார்த்திபன் கனவு', பிறகு சாண்டில்யனின் 'கடல் புறா', 'யவன ராணி'. சரித்திர நாவல் பிடித்தவருக்குச் சரித்திர நாவல் என்ற தர்க்கம் அது. ஆனால் அவருக்குப் பிடித்தது சரித்திரம்தானா? வாராவாரம் வந்த தொடருக்கே உரிய, அத்தியாயத்துக்கு ஒரு முடிச்சு என்ற கட்டமைப்பு அவரை இழுத்திருந்தால், அவர் குறிக்க வேண்டியவை 'மர்மம், பதற்றம், விரைவு'. அந்த மூன்றையும் தட்டினால் சோழர் காலத்தை விட்டுச் சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்துக்குப் போவதுதான் அவருக்கு நேர்வழி. வந்தியத்தேவனோடு குதிரையில் ஊர் ஊராகத் திரிந்ததுதான் இன்பம் என்றால் 'சாகசம்', அவருக்குப் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' காத்திருக்கிறது. மெடானும் பினாங்கும் கடலும் இரண்டாம் உலகப் போரும் கொண்ட நாவல். ஆனால் மொழி அடர்த்தி கூடியது, வேகம் ஒரே சீராக இராது என்ற எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியது. ஆழ்வார்க்கடியானின் வாய்த்துடுக்குக்காகச் சிரித்துக்கொண்டே படித்தவருக்கு 'நகைச்சுவை, இலகு'. தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை எடுத்தால் அவர் கீழே வைக்க மாட்டார். ஒரே நாவலுக்கு ஒரே ஐந்து நட்சத்திரம் கொடுத்த மூன்று பேருக்கு மூன்று அடுத்த புத்தகங்கள். வகைப்பெயரும் நட்சத்திரமும் மூவரையும் ஒரே வாசலில் கொண்டு நிறுத்தியிருக்கும்.

செயலியில் இந்தப் பலன் அன்றாடம் கிடைக்கும் இடம், 'படிக்க வேண்டியவை' பட்டியலின் வடிகட்டி. எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியல் 60, 70 என்று வளர்ந்ததும் அதுவே ஒரு சுமையாகிவிடுகிறது. ஸ்டோரிகிராஃபில் அந்தப் பட்டியலை மனநிலை, வேகம், பக்க அளவு (300க்குக் குறைவு, 300 முதல் 499, 500க்கு மேல்) ஆகியவற்றால் சலிக்கலாம். ஏப்ரல் வெயிலில் மெல்லிய, சிரிக்கவைக்கும் ஒன்று வேண்டும் என்றால் மூன்று தட்டுகளில் 70 புத்தகம் நாலாகும். 'அஞ்ஞாடி'யையோ 'காவல் கோட்ட'த்தையோ தொடங்க நினைப்பவர், 1,000 பக்கத்தைத் தாண்டும் அந்த நாவல்களுக்கு நீண்ட விடுப்பு வாய்க்கும் மாதத்தை ஒதுக்கலாம். ஆண்டு இலக்கை வைக்கும்போதும் இதே கவனம் தேவை. இத்தனை புத்தகம் என்று எண்ணிக்கை வைத்தால், கணக்கில் 'தண்ணீர்' ஒன்று, 'அஞ்ஞாடி'யும் ஒன்று. டிசம்பர் நெருங்க நெருங்கக் கை தானாகச் சிறிய நூல்களைத் தேடும். இங்கே பக்க இலக்கு வைக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தால் பெரிய நாவலுக்குத் தண்டனை இல்லை. இலக்கே வைக்காமலிருப்பது அதைவிட நல்லது என்பது என் எண்ணம், ஆனால் அதை யார்மீதும் திணிக்க முடியாது.

இனி குறைகள். தமிழ் வாசகருக்கு அவை சிறியவை அல்ல. செயலியின் முகப்பு தமிழில் இல்லை. நூல் விவரத் தளத்தில் தமிழ்ப் புத்தகங்கள் குறைவு. இருப்பவையும் ஒழுங்காக இல்லை. ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னொன்றாகவும், பாகம் பாகமாகப் பிரிந்தும் கிடக்கக்கூடும். தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் எழுத ஒரே முறை நமக்கு இல்லாததால், தேடுபவர் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களை முயன்று பார்க்க வேண்டியிருக்கும். பின்னட்டையின் பட்டைக்குறியைக் கேமராவால் படித்து நூலைச் சேர்க்கும் வசதி, சர்வதேச நூல் எண் உள்ள நூல்களுக்கே உதவும். இந்திய நூல்களுக்கு 978-81, 978-93 என்று தொடங்கும் இந்த எண்ணைப் பெறக் கட்டணம் இல்லை. இருந்தும் பழைய பதிப்புகளிலும் பல சிறுபதிப்பக நூல்களிலும் அதைக் காண முடியாது. அப்போது தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கையைக் கையால் தட்டிச் சேர்க்க வேண்டும். ஒரு நூலுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும் வேலை. 15 நூல்களுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போய்விடும். நூல் எண் என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கும் பதிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த எண் இல்லாத நூல், வாசகர்கள் தேடும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத நூல்.

பரிந்துரைப் பகுதியின் நிலை இதைவிடக் கடினம். இப்படிப்பட்ட பொறிகள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்கள் வேறு எதை விரும்பினார்கள் என்று பார்ப்பது. அதற்கு உங்களைப் போன்றவர்கள் போதுமான எண்ணிக்கையில் உள்ளே இருக்க வேண்டும். தமிழில் படிப்பவர்கள் அங்கே சிலரே. ஆகவே தமிழ் நாவல்களைப் பதிவுசெய்தாலும் திரும்பி வருபவை பெரும்பாலும் ஆங்கில நூல்களாகவே இருக்கும். ஒரு தமிழ் நூலின் பக்கத்தில் காணும் மனநிலைச் சதவீதங்களும் ஓரிருவர் குறித்தவையாக இருக்கலாம். இரண்டே பேரில் ஒருவர் 'சோகம்' என்றால் அது 50 சதவீதமாகிவிடும். இந்த எண்களைப் பொதுக்கருத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செயலியின் மேல் எனக்குள்ள நம்பிக்கை இங்கே பாதியாகக் குறைகிறது. ஆங்கில வாசகருக்கு இது வழிகாட்டியாகவும் குறிப்பேடாகவும் இரண்டு வேலை செய்கிறது. தமிழ் வாசகருக்கு இரண்டாவது வேலையை மட்டுமே நம்பகமாகச் செய்கிறது.

அந்தக் குறிப்பேட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அது எங்கே என்று பார்க்கத் தமிழ் மரபே உதவுகிறது. உணர்வைக் கொண்டு எழுத்தை வகைப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. ஐங்குறுநூற்றின் 500 பாடல்களும் திணைக்கு நூறாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு திணைக்கும் உரிப்பொருள் ஓர் உணர்வுநிலை: காத்திருத்தல், ஊடல், பிரிவு என்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அந்த எட்டைச் செயலியின் 14 சொற்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகைக்கும் அழுகைக்கும் நேரான சொற்கள் உண்டு. அச்சத்தைப் பதற்றத்தில் அடக்கலாம், உவகையை இலகுவுக்கும் நம்பிக்கைக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். ஆனால் வெகுளிக்கு இடமே இல்லை. இளிவரலுக்கும் இல்லை. பாமாவின் 'கருக்கு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' போன்ற நூல்களைப் படித்து முடித்தவர் மனத்தில் நிற்பது அவமானமும் சினமும். செயலி அவரிடம் தருவது 'இருள்', 'சவால்', 'உணர்ச்சி' என்ற மூன்று மங்கிய சொற்கள். சினம் மூட்டும் நூலை ஒருவர் தேடிப் படிக்க விரும்பலாம், அன்றைய மனநிலையில் தவிர்க்கவும் விரும்பலாம். இரண்டுக்கும் வழி இல்லை. மருட்கைக்கும் தனியிடம் இல்லை. வியப்புக்காக மட்டுமே படிக்கப்படும் எத்தனையோ நூல்கள் இருக்கும்போது இது பெரிய விடுபடல்.

தமிழ் வாசிப்பில் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் இன்னொன்று மொழிநடை. அதைப் பற்றிச் செயலி கேட்பதே இல்லை. கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சு, தோப்பில் முஹம்மது மீரானின் கடலோர முஸ்லிம் வழக்கு, பெருமாள் முருகனின் கொங்குத் தமிழ், ஷோபாசக்தியின் ஈழத்தமிழ் ஆகிய ஒவ்வொன்றும் ஒருவருக்கு வீட்டு முற்றமாகவும் இன்னொருவருக்கு முதல் 30 பக்கத்துக்கு மேடாகவும் இருக்கும். அந்த மேடு ஏறத் தகுந்தது என்பது உண்மை. ஆனால் எந்த வாரத்தில் ஏறுவது என்பதை வாசகர் அறிந்து முடிவுசெய்ய வேண்டும். நல்லவேளையாகச் சொந்தக் குறிச்சொற்கள் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. வழக்குக்கு ஒன்று, வெகுளிக்கு ஒன்று, மருட்கைக்கு ஒன்று என்று நாமே வைத்துக்கொண்டால் பள்ளம் ஓரளவு நிரவப்படும். தொடக்கத்திலேயே ஏழெட்டுச் சொற்களை முடிவுசெய்து, ஆண்டு முழுவதும் அவற்றை மாற்றாமல் பயன்படுத்துவது முக்கியம். நடுவில் புதிது புதிதாகச் சேர்த்தால் பிறகு சலிக்க முடியாது.

இதற்கெல்லாம் எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, பிடித்ததையே திரும்பத் திரும்பப் படித்தால் ரசனை குறுகிவிடும் என்பது. கவலை நியாயமானது. பரிந்துரைப் பொறியின் கையில் முழுக்க ஒப்படைத்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் வகைப்பெயரால் தேடுவதுதான் அதிகம் குறுக்குகிறது. மேலே சொன்ன மூன்று வாசகர்களையும் மனநிலை என்ற கேள்விதான் சரித்திர நாவல் என்ற ஒற்றைச் சந்திலிருந்து வெளியே கூட்டிவந்தது. தவிர, ஆண்டு இறுதியில் செயலி தரும் வட்ட வரைபடங்கள் குறுகலைக் காட்டிக்கொடுத்துவிடும். படித்ததில் முக்கால் பங்கு 'இருள்' என்றோ, எல்லாமே 'மெதுவானவை' என்றோ தெரிந்தால் அடுத்து என்ன செய்வதென்று வாசகருக்குத் தெரியும். இரண்டாவது மறுப்பு: கடினமான நூல்களைப் படிக்காமல் தப்பிக்க இது சாக்காகாதா? 'விஷ்ணுபுரம்' போன்ற நாவலை எளிதில் படிக்க முடியாது என்பதற்காக ஒதுக்கிவிடுவார்களே? 'சவால்' என்பதும் 14 சொற்களில் ஒன்று. அதை விரும்பித் தேடலாம். கடினமான நூலை அது கடினம் என்று தெரிந்து, அதற்கான மாதத்தில் எடுப்பவர்தான் அதை முடிக்கிறார். தெரியாமல் எடுத்துக் கைவிட்டவர் அந்த ஆசிரியர் பக்கமே பிறகு போவதில்லை.

கைவிடுதல் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'முடிக்கவில்லை' என்பதைச் செயலி ஒரு முறையான நிலையாகவே வைத்திருக்கிறது. எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்று குறித்துவைக்கலாம். நம்மிடையே புத்தகத்தைப் பாதியில் வைப்பது குற்றம்போலப் பார்க்கப்படுகிறது. காசு கொடுத்து வாங்கியது, பெரிய எழுத்தாளர் எழுதியது, சரஸ்வதிக்குச் சமம் என்ற எண்ணங்கள் சேர்ந்து, பிடிக்காத நூலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வேறெதையும் படிக்காமல் போகிறவர்கள் பலர். பிடித்த பத்து நூல்களைவிடக் கைவிட்ட ஐந்து நூல்கள் ஒருவரின் ரசனையைத் தெளிவாகச் சொல்லும். பிடித்ததற்குக் காரணங்கள் கலவையாக இருக்கும். கைவிட்டதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அதனால் ஸ்டோரிகிராஃபில் கணக்குத் தொடங்குபவர் முதலில் உள்ளிட வேண்டியவை கைவிட்ட நூல்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டால் ஆகாதா என்று கேட்பவருக்கு, ஆகும் என்பதே பதில். தமிழில் மட்டும் படிப்பவர், ஆண்டுக்கு 15, 20 நூல்களுக்கு மேல் போகாதவர், செயலியின் கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு நோட்டிலேயே பதில் குறித்துவரலாம், பெரிய இழப்பில்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்து படிப்பவருக்கும், படிக்க வேண்டியவை பட்டியல் ஐம்பதைத் தாண்டியவருக்கும் செயலி தேவை. வடிகட்டியும் வரைபடமும் நோட்டில் கிடைக்காது. மாதம் 4.99 டாலர், ஆண்டுக்கு 49.99 டாலர் என்று கட்டணப் பிரிவு ஒன்று இருக்கிறது. கூடுதல் புள்ளிவிவரங்களும் ஒப்பீடுகளும் அதில் வரும். தமிழ் வாசகருக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய அலமாரிவரிசையே நிறையும் அளவுக்குப் புத்தகம் வாங்கலாம்.

எந்த நூலைப் பட்டியலில் சேர்ப்பது என்ற முதல் தேடலை இந்தச் செயலியிடம் விடாமல் வெளியேதான் நடத்த வேண்டும். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கும் முன், நின்ற இடத்திலேயே நடுப்பக்கங்களில் மூன்றைப் படித்துப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து 50 பக்கம்கூடப் படிக்கலாம். கிண்டில் கடையில் 2016 டிசம்பர் முதல் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. அங்கே நூலின் தொடக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இலவச மாதிரியாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் தமிழ் நூல்களில் பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை என்று வரிசையாக நிற்பதால், மெல்லிய நூலென்றால் கதை தொடங்கும் முன்பே மாதிரி முடிந்துவிடுவதுண்டு. பழையவற்றுக்கு மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், ஈழத்து எழுத்துகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரமும் இருக்கின்றன. முழு நூலையே திறந்து பார்த்து முடிவுசெய்யலாம். இந்த இடங்களில் மூன்று பக்கமோ 30 பக்கமோ படித்ததும், கையோடு செயலியைத் திறந்து நூலைப் பட்டியலில் சேர்த்து, நடைக்கும் வழக்குக்கும் உரிய குறிச்சொற்களை அப்போதே போட்டுவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால், வாங்கிய பையில் இருக்கும் 12 புத்தகங்களில் எது ஓடியது, எது நடந்தது என்பது மறந்துபோகும்.